கண்ணாடிக்கும் தாருக்கும் என்ன உறவு?

"கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டேதான் அந்தப் பெண் உள்ளே வந்தாள். வணக்கம் இல்லை, உட்காரலாமா என்ற கேள்வி இல்லை. மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் இன்னொரு முறையும் சொன்னாள். "தலைகீழா நின்னாலும் சரி. போட மாட்டேன்."

நாத்தனாருக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று. அந்த அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மூக்கைச் சிந்திக்கொண்டு வருவார்கள். அவர்கள் அழுது முடிக்கவே அரை நாள் போய்விடும். இப்படி வாசலிலேயே வரிந்துகட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் அபூர்வம்.

தையல்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அலுவலகம். மேசைக்கு அந்தப் பக்கம் அண்ணி, இந்தப் பக்கம் நாத்தனார். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவளும் அண்ணனோடு பிறந்தவளும் ஒரே வீட்டில் இருந்தாலே புகையும் என்று ஊரில் சொல்வார்கள். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து துப்பறியும் தொழிலே நடத்தினார்கள். பாவம் அந்த அண்ணன்தான், வீட்டில் ஒரு சின்னப் பொய் சொல்ல வழியில்லாமல் இளைத்துப்போனார்.

"எதுல கையெழுத்து?" என்று அண்ணி கேட்டார். அவர் குரல் எப்போதும் போல ஒரே மட்டத்தில் இருந்தது.

"நான்தான் ஏமாத்தினேன்னு எழுதி வச்சிருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள போடணுமாம். இல்லேன்னா போலீஸாம். போட்டா வேலை மட்டும்தான் போகும், வெளிய தெரியாதாம். எங்க வீட்டுல எல்லாரும் போட்டுட்டு வந்துடுன்றாங்க. செய்யாத தப்புக்கு நான் எதுக்குப் போடணும்? பதினோரு வருஷம் அந்த ஆபீஸ்ல உழைச்சிருக்கேன்."

அவள் ஒரு கட்டட நிறுவனத்தில் பொருள்களின் விலையைப் பார்த்துக்கொள்பவள். அலுவலகத்தில் அவளுக்குக் 'கறார்' என்று பட்டப்பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள், அவள் அதைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தாள்.

"என்ன வேலைன்னு முதல்லேர்ந்து சொல்லுங்க. எனக்குக் கட்டடமும் தெரியாது, கம்ப்யூட்டரும் அரைகுறைதான்" என்றார் அண்ணி.

"செங்கல்லேர்ந்து வார்னிஷ் வரைக்கும் மாசாமாசம் விலை மாறும். மாறின பொருளை மட்டும் எடுத்து ஒரு ஷீட்டுல போடுவேன். ஒரு கட்டத்துல பேரு, பக்கத்துக் கட்டத்துல விலை. கட்டட வேலையெல்லாம் நடத்துறதுக்கு எங்ககிட்ட ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. ஒண்ணொண்ணா தட்டிக்கிட்டு இருக்காம ஷீட்டை மொத்தமா அதுக்குள்ள ஏத்திடுவேன். அது பேரைப் பாக்கும். தன்கிட்ட இருக்கிற பேரோட பொருந்தினா பழைய விலைய எடுத்துட்டுப் புதுசை வச்சுக்கும்."

"பொருந்தலேன்னா?"

"ஏன் பொருந்தாம போகும்? பேரெல்லாம் அந்த சாஃப்ட்வேர்லேர்ந்து எடுத்ததுதானே?" என்றாள் கறார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அண்ணி அதற்கு மேல் துருவவில்லை.

நடந்தது இதுதான். போன மாதம் அவள் ஷீட்டைத் தயார் செய்து, ஒரு பக்கத்தில் அச்செடுத்து, மேலாளரின் ஒப்புதலுக்காக அவர் மேசையில் வைத்தாள். மறுநாள் மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை. விடுப்பு போட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது விலையெல்லாம் ஏற்றியாகிவிட்டிருந்தது. யாரோ புண்ணியவான் தன் வேலையைச் செய்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டாள். அந்த விலைகளை வைத்து ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு மதிப்பீடு போய், ஒப்பந்தமும் முடிந்தது. அதற்கப்புறம்தான் தெரிந்தது, ஆறு பொருள்களுக்குப் பழைய விலையே இருக்கிறது என்று. ஆறும் நன்றாக ஏறியிருந்த பொருள்கள். ஏற்றியது யார் என்று பார்த்தால், சாஃப்ட்வேர் கறாரின் பெயரைக் காட்டியது.

"பள்ளிக்கூடக்காரங்ககிட்ட கை நீட்டி வாங்கிட்டு, வீட்டுல உக்காந்துகிட்டே வேணும்னு ஆறை மட்டும் விட்டுட்டேனாம். மேலாளர் ஹால்ல நின்னு கத்துனாரு. அத்தனை பேரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரில என் போன் நாள் பூரா கையிலதான் இருந்துச்சு. விலைய ஏத்தணும்னு ஒருத்தராவது ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?" அவள் கண் கலங்கியது. அதையும் புறங்கையால் கோபமாகத்தான் துடைத்தாள்.

"எந்த ஆறு?"

"கண்ணாடி, தார், மார்பிள், வார்னிஷ், தாழ்ப்பாள், ஜன்னல் சட்டம்."

"அதே ஷீட்டுல சரியா ஏறினது?"

"செங்கல், மணல், சிமெண்ட், முறுக்குக்கம்பி, ஜல்லி, ஆணி, பலகை, பெயிண்ட், டைல்ஸ்… இன்னும் கொஞ்சம் இருக்கு. எல்லாம் சரியா இருக்கு."

நாத்தனார் பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள். "ஆறும் ஒரே கடையா?" இல்லை, ஆறும் ஆறு கடை. "ஆறும் கடைசியா பூச்சு வேலைக்கு வர்றதா?" தாருக்கும் பூச்சு வேலைக்கும் சம்பந்தமே இல்லை. "பக்கத்துப் பக்கத்து வரியா?" அதுவும் இல்லை, பக்கம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. "அப்போ கண்ணாடிக்கும் தாருக்கும் என்னதான் அண்ணி உறவு? பங்காளியா, சம்பந்தியா?"

"அங்கயே போய்க் கேப்போம், வா" என்று அண்ணி எழுந்தார்.

*

அந்த நிறுவனத்தின் மாடி ஹாலில் வரிசையாக மேசைகள். சுவரில் டைல்ஸ் மாதிரிகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கறார் உள்ளே நுழைந்ததும் விசைப்பலகைச் சத்தம் மொத்தமாக நின்றது. அவள் தலையைக் குனிவாள் என்று நாத்தனார் நினைத்தாள். குனியவில்லை. ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள், பார்க்கப்பட்டவர்கள்தான் குனிந்தார்கள்.

முதலாளியின் அறையில் நான்கு பேர். முதலாளி வெள்ளைத் தலையும் பருத்த கைகளுமாக இருந்தார். ஒரு காலத்தில் தானே சாரத்தில் ஏறியவர் என்பது அந்தக் கைகளைப் பார்த்தாலே தெரிந்தது. அவருக்கு வலப்புறம் மேலாளர், இடப்புறம் அவருடைய மாப்பிள்ளை. சுவரோரம் ஒரு நாற்காலியில் பொருள் வாங்கிப்போடும் கொள்முதல்காரர் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"துப்பறியிறதுக்கு இதுல என்னங்க இருக்கு? பூனை பாலோட பிடிபட்டாச்சு" என்றார் மேலாளர். "சாஃப்ட்வேர்லயே அவங்க பேரு இருக்கு."

"பேரு இருக்கு. ஆள் இருந்தாங்களா?" என்றார் அண்ணி.

தெருவில் ஒரு லாரி உறுமிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை முகத்தைச் சுளித்தார். இஸ்திரி கலையாத சட்டை, விரல் நுனியில் சுழலும் போன். "யாராவது அந்தச் சன்னலைச் சாத்துங்களேன், காது போகுது" என்றார். கொள்முதல்காரர் எழுந்து சாத்தினார். "மேடம், இந்த சாஃப்ட்வேரை இங்க கொண்டுவந்ததே நான்தான். அதுல தப்பே வராது. ஷீட்ல என்ன குடுக்கிறோமோ அதை அப்படியே எடுத்துக்கும். தப்பு ஷீட்ல. ஷீட் அவங்களோடது."

"மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் முதலாளி. ஆனாலும் அவர் குரலில் ஒரு சங்கடம் இருந்தது. கறாரின் முகத்தை அவர் நேராகப் பார்க்கவில்லை.

"பாஸ்வேர்டு?"

"எல்லாருக்கும் மாப்பிள்ளைதான் போட்டுக் குடுத்தாரு" என்றார் மேலாளர். "ஆனா விலைய மாத்துற அனுமதி அந்தம்மா கணக்குக்கு மட்டும்தான். பாஸ்வேர்டு ரகசியம்னெல்லாம் சொல்ல முடியாது, அவசரத்துக்கு இங்க ஒருத்தர் கணக்குல இன்னொருத்தர் நுழையறது உண்டு."

"அவங்க குடுத்த அச்சுப் பக்கம் எங்க?"

மேலாளர் கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கீழே அவர் கையெழுத்தும், ஊதா நிறத்தில் வட்டமாக நிறுவனத்தின் முத்திரையும். முத்திரை சரிந்து கடைசி வரியின் மேல் விழுந்திருந்தது. "அந்தம்மா லீவுல போன அன்னைக்குக் காலையிலதான் கையெழுத்துப் போட்டேன். அன்னைக்குப் பூரா என் மேசை டிரேலதான் கிடந்துச்சு. அப்புறம் கோப்புல போட்டுப் பூட்டிட்டேன்."

"அவங்க கைக்குத் திரும்பப் போகவே இல்ல?"

"இல்ல."

"நல்லது." அண்ணி கறாரின் பக்கம் திரும்பினார். "உங்க சாஃப்ட்வேர்ல மொத்தம் எத்தனை பொருள்?"

"முந்நூத்தி நாப்பது" என்றாள் கறார், யோசிக்காமல்.

"போன மாசத்துலேர்ந்து புதுசா எதாவது சேத்தீங்களா?"

"இல்ல."

"கொஞ்சம் திறந்து காட்டுங்க."

மாப்பிள்ளை அலுப்போடு மடிக்கணினியைத் திருப்பி வைத்தார். நாத்தனார் முந்திக்கொண்டு போய்த் திரையின் ஓரத்தைப் பார்த்தாள். "அண்ணி! முந்நூத்தி நாப்பத்தாறு போட்டிருக்கு!"

"ஆறு பொருள் விலை மாறல. ஆறு பொருள் கூடியிருக்கு" என்றார் அண்ணி. "பேரு பொருந்தலேன்னா என்ன ஆகும்னு நான் அப்பவே கேட்டேன். இப்ப சாஃப்ட்வேரே சொல்லுது. பொருந்தாத பேரைப் புதுப் பொருள்னு நினைச்சுச் சேத்துக்கும். புதுசா சேந்தது பட்டியலோட அடியிலதானே இருக்கும்? போய்ப் பாரு."

நாத்தனார் கீழே, கீழே என்று இறக்கிக்கொண்டே போனாள். "கண்ணாடி! இங்கயும் ஒரு கண்ணாடி இருக்கு. அட, தார். மார்பிள். எல்லாம் புது விலையோட குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு!"

"நாங்க தேடிப் பாத்தோமே?" மேலாளர் எட்டிப் பார்த்தார். "கண்ணாடின்னு தட்டித் தேடினா பழசு ஒண்ணுதான் வந்துச்சு."

நாத்தனார் தட்டிப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான், ஒன்றே ஒன்றுதான் வந்தது. மறுபடி அடிக்குப் போனாள். மூக்குத் திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள். மேலே இருந்த கண்ணாடியையும் கீழே இருந்த கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"அண்ணி, இது கண்ணாடியே இல்ல. கண்ணரடி! 'ண'வுக்குப் பக்கத்துல கால் இல்ல, 'ர' இருக்கு. அடியில சின்னதா சாய்ஞ்சிருக்கு பாருங்க. தார் இல்ல, தரர். மரர்பிள். வரர்னிஷ். தரழ்ப்பரள், இதுல ரெண்டு காலும் போச்சு!"

அறையில் இருந்த எல்லோரும் திரையைச் சுற்றிக் குவிந்தார்கள். துணைக்காலும் ரகரமும் அச்சில் அண்ணன் தம்பி மாதிரி. மனிதக் கண் வார்த்தையைப் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது; கண்ணாடி என்றே படித்துவிட்டுப் போய்விடும். கம்ப்யூட்டருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

"செங்கல், மணல், சிமெண்ட், பலகை" நாத்தனார் விரல் விட்டாள். "ஒண்ணுலயும் கால் இல்ல. அதான் தப்பிச்சுது. ஆனா ஆணி எப்படி அண்ணி? அதுல 'ஆ' இருக்கே?"

"ஆ தனி எழுத்து. அதுக்கு வால்தான் உண்டு, கால் கிடையாது. இதுதான் கண்ணாடிக்கும் தாருக்கும் உள்ள உறவு. ரெண்டும் ஒத்தைக் கால்ல நிக்குது."

மேலாளர் இன்னும் விடவில்லை. "சரி, அந்தம்மா தப்பா தட்டியிருக்காங்க. அப்பவும் அவங்க தப்புதானே?"

"கையால தட்டுறவங்க ஒரு இடத்துல தவறுவாங்க, ஒரு இடத்துல சரியா அடிப்பாங்க. இங்க ஒரு கால்கூட உருப்படியா இல்ல. இது கை செஞ்ச தப்பு இல்லங்க, இயந்திரம் படிச்ச தப்பு." அண்ணி தன் போனை எடுத்தார். முத்திரை குத்திய அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தார். படத்தில் இருப்பதை எழுத்தாக மாற்றும் வசதியைத் தட்டிவிட்டு, போனை மேசை நடுவில் வைத்தார். "படிங்க."

கொள்முதல்காரர்தான் குனிந்து படித்தார். "கண்ணரடி… தரர்…" அவர் நிமிர்ந்து கறாரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெட்கம் இருந்தது.

"ஷீட்டு இவங்க கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு. தன் ஷீட்டைக் கையில வச்சுக்கிட்டு யாராவது காகிதத்தைப் போட்டோ எடுத்து ஏத்துவாங்களா? அதுவும் லீவுல போனதுக்கப்புறம் முத்திரை விழுந்த காகிதத்தை? அந்தக் காகிதம் இவங்க கைக்கு வரவே இல்லைன்னு நீங்களே சொன்னீங்க. ஏத்தினது ஷீட்டு இல்லாத ஆள். அன்னைக்கு இந்த மாடியில இருந்த ஆள்."

கறார் மூச்சை விட்டாள். "யாருன்னு சொல்லுங்க" என்றாள்.

"ஆறாவது பொருள் சொல்லும். அதுல காலே இல்ல, ஆனாலும் பொருந்தல. ஏன்?" அண்ணி முத்திரையைக் காட்டினார். "கடைசி வரியில முதல் எழுத்து மேல முத்திரை விழுந்திருக்கு. போன் அதைப் படிக்க முடியாம ஏதோ கிறுக்கி வச்சிருக்கு பாருங்க. ஏத்தினவரும் இதையேதான் பாத்திருப்பாரு. அந்த ஒரு வார்த்தையை மட்டும் தன் கையால திருத்தியிருப்பாரு." அண்ணி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பித் திரையை மறைத்துக்கொண்டார். "ஒவ்வொருத்தரா சொல்லுங்க. இந்தக் கடைசி வரி என்ன?"

"ஜன்னல் சட்டம்" என்றார் மேலாளர் உடனே.

"ஜன்னல் சட்டம்" என்றார் கொள்முதல்காரர்.

மாப்பிள்ளையின் விரலில் போன் சுழலவில்லை. "அதான் ரெண்டு பேரும் சொல்லிட்டாங்களே" என்றார்.

"நீங்க சொல்லுங்க."

"அதேதான் மேடம்."

"அதேன்னா எது? வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிரப்போகுது?" என்று நாத்தனார் பொரிந்தாள். அண்ணி அவளைத் தடுக்கவில்லை.

மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. முதலாளிதான் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார். "எங்க வீட்டுல எல்லாரும் ஜன்னல்னுதான் சொல்லுவோம்" என்றார் அண்ணியிடம், ஆனால் கண்ணை மாப்பிள்ளை மேலிருந்து எடுக்காமல். "மாப்பிள்ளை வந்த நாள்லேர்ந்து சன்னல்னுதான் சொல்லுவாரு. பேரப்பிள்ளைங்க அதை வச்சு அவரைக் கேலி பண்ணும்."

அண்ணி திரையைத் திருப்பினார். பட்டியலின் கடைசியில், முந்நூற்று நாற்பத்தாறாவதாக, 'சன்னல் சட்டம்' என்று இருந்தது.

"ரெண்டும் சரியான தமிழ்தான்" என்றார் அண்ணி. "ஆனா இந்த ஆபீஸ்ல அதை அப்படி எழுதுறது ஒரே ஆள்."

மாப்பிள்ளை போனை மேசைமேல் வைத்தார். "மாமா, அன்னைக்கு நீங்க அவசரம்னு கேட்டீங்க. அரை நிமிஷ வேலைன்னு சொல்லிட்டேன். ஷீட்டு அவங்க கம்ப்யூட்டர்ல பூட்டியிருந்துச்சு. நான் கொண்டுவந்த சாஃப்ட்வேருக்கு நானே போய் அவங்ககிட்ட எப்படிக் கேக்குறதுன்னு… அப்புறம் தப்பு தெரிஞ்சதும் நீங்க யார் பண்ணதுன்னு கத்துனீங்க. திரையில அவங்க பேரு இருந்துச்சு. நாக்கு எழும்பல மாமா."

முதலாளி கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கறார் முன்னால் நின்று கைகூப்பினார். "என்னை மன்னிச்சிடும்மா. நாளைக்கே வேலைக்கு வந்துடு. சம்பளம் கூட்டித் தர்றேன். இது மட்டும் இந்த அறையை விட்டுப் போக வேணாம். என் பொண்ணோட புருஷன். வீட்டு விஷயமாயிடுச்சு."

நாத்தனாருக்கு எரிச்சலாக வந்தது. பெரிய மனிதர் கைகூப்பி நிற்கிறார், பெண் இளகிவிடுவாள், எல்லாம் பூசி மெழுகப்பட்டுவிடும். எத்தனை வழக்கில் பார்த்திருக்கிறாள். அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கறாரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க மாப்பிள்ளை பேரு வீட்டு விஷயம்" என்றாள் கறார். "என் பேரு மட்டும் ரோட்டு விஷயமாங்க?"

"அப்படி இல்லம்மா…"

"என்னைத் திட்டும்போது இந்தக் கதவு திறந்துதான் இருந்துச்சு. மன்னிப்பு மட்டும் எதுக்குச் சாத்திக்கிட்டு? உங்க மன்னிப்பு வேணாம்யா, நீங்க ஒண்ணும் பண்ணல. சம்பளமும் கேக்கல. அவர் சொல்லணும். ஹால்ல நின்னு சொல்லணும்."

"சொல்லலேன்னா?" என்று மேலாளர் இழுத்தார்.

"சொல்லலேன்னா நானே போய் போலீஸைக் கூட்டிட்டு வர்றேன். போலீஸைக் காட்டி என்னை மிரட்டினது நீங்கதானே? எனக்கு ஒரு பயமும் இல்ல." அவளே போய்க் கதவை முழுதாகத் திறந்துவிட்டாள்.

முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்து, "வாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் மரியாதை மட்டும்தான் மிச்சம் இருந்தது.

ஹாலில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளை மேசைகளுக்கு நடுவில் போய் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள்ளேயே ஏதோ சொன்னார். விலையை ஏற்றியது தான்தான் என்பதும், அவங்க மேல தப்பில்லை என்பதும் காதில் விழுந்தன. சொல்லிவிட்டுத் திரும்பப்போனார்.

"கேக்கல" என்றார் முதல் வரிசையில் இருந்த வயதான கணக்கர். மாப்பிள்ளைக்கும் அவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி தூரம்தான் இருந்தது.

"ஆமாங்க, இங்கயும் கேக்கல" என்றது ஒரு பெண் குரல், ஜன்னல் பக்கத்திலிருந்து. அப்புறம் பின்வரிசையிலிருந்து இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்தாற்போல. "கேக்கல! கேக்கல!" நாத்தனார் தன் வாயை மூடிக்கொள்ளத்தான் நினைத்தாள், முடியவில்லை, அவளும் கத்தினாள். மாப்பிள்ளை கறாரைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.